பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலி: கடற்கரைக் குடும்பங்களுக்கு எப்படிப் பயன்படுகிறது?

பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி, 2024 நவம்பர் 20 அன்று கோவா திரைப்பட விழாவில் வெளியிட்ட வேவ்ஸ் செயலியை இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் உள்ள எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகப் பார்த்துவருகிறோம். தூர்தர்ஷன் சேனல்களின் நேரலை, வானொலி, பழைய தொடர்கள், படங்கள் எனப் பலவும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பகுதிக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. சிலவற்றுக்கு மட்டும் சந்தா உண்டு. இராமநாதபுரம் கடற்கரையில் இருப்பவர்கள் இதைத் தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இலவசம் என்பதைவிட, நமக்கு ஒழிந்த நேரத்தில் பார்க்க முடிகிறது என்பதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

பாக் நீரிணையில் விசைப்படகுகளும் நாட்டுப்படகுகளும் வாரத்தின் நாள்களைப் பிரித்துக்கொண்டு தொழிலுக்குப் போகின்றன. இரவெல்லாம் கடலில் கிடந்து காலையில் கரை சேர்ந்தவருக்குப் பகல்தான் உறங்கும் நேரம். கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கோ நீர் வற்றும் நேரமே கடிகாரம். மாலை 7 மணிச் செய்தி, இரவு 8 மணித் தொடர் என்று வகுத்த அட்டவணை இந்த ஊர்களின் நாளோடு என்றைக்கும் பொருந்தியதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு நேரம் இருக்கும், கையில் பணம் இருக்காது. மாதச் சந்தா கேட்கும் தளங்களைப் பல குடும்பங்கள் முதலில் நிறுத்துவது அப்போதுதான். அந்த நாள்களிலும் இந்தச் செயலி வாயிலை அடைப்பதில்லை.

என் சித்தி கருவாடு போடுகிறவர். நெத்திலியைத் தரம் பிரிக்கும்போது பனையோலைப் பெட்டியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, 1987இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ராமாயணம் தொடரைப் பார்க்கிறார். கையெல்லாம் செதிலும் உப்புமாக இருப்பதால், நிறுத்த வேண்டியபோது சுண்டுவிரல் கணுவால் திரையைத் தொடுவார். "கதைதான் தெரிஞ்சதாச்சே, நிப்பாட்டிட்டு மீனத் திருப்பிப் போட்டுட்டு வந்து பாக்கலாம்" என்பது அவர் சொல்லும் காரணம். அவருக்கு இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும், ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் டிவி இருந்த வீட்டுத் திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்ததை, இன்று தம் வேலைக்கு நடுவே தமக்கு வேண்டிய வேகத்தில் பார்க்கிறார்.

நமது கடற்கரைக்குத் தொலைக்காட்சி எளிதில் கிடைத்ததன்று. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியைப் பிடிக்க வீட்டுக்கு வீடு உயரமான ஆன்டெனா கட்டிய காலம் ஒன்று இருந்தது. பிறகு இராமேசுவரத்தில் தூர்தர்ஷனின் 323 மீட்டர் கோபுரம் எழுந்தது. அதன் பின்னர் மாதக் கட்டணமில்லாத டிடி ஃப்ரீ டிஷ் வந்தது. பெட்டியும் டிஷ்ஷும் ஒரு முறை வாங்கினால் போதும் என்பது உண்மை. ஆனால் உப்புக்காற்றில் டிஷ்ஷைத் தாங்கும் கம்பியும் நட்டும் துருவேறி, வாடைக்காற்றில் திசை திரும்பி, மழை இரவில் யாராவது மாடியேற வேண்டியிருக்கும். போனில் பார்ப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

மறுபுறம் டேட்டாவைக் கணக்கில் கொள்ள வேண்டும். சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் அரை ஜிபியிலிருந்து 1 ஜிபி வரை கரையும். நாளுக்கு 1.5 ஜிபி தரும் ரீசார்ஜில் இருப்பவர், பிள்ளைகளின் பாடத்துக்கும் அதையே நம்பியிருந்தால், படத்தின் தரத்தைக் குறைத்து வைப்பது நல்லது. தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அங்கே போன் இலங்கை நெட்வொர்க்குக்கு மாறிவிடுவதுண்டு. ரோமிங்கை அணைத்துவிட்டே எதையும் பார்க்க வேண்டும். எங்கள் தெருவிலேயே சிக்னல் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறது, அந்தப் பக்கம் இல்லை; பெரிய திரையில் குடும்பமாக அமர்ந்து பார்க்க விரும்புகிறவர்கள் ஃப்ரீ டிஷ்ஷைக் கழற்றிவிட வேண்டாம்.

செயலிக்குள் விளையாட்டுகளும் பொருள் வாங்கும் வசதியும் சேர்க்கப்பட்டுள்ளன. எனக்கு அவை தேவைப்படவில்லை.

எனக்கு மிகவும் வேண்டியது தமிழ்ச் சேமிப்பு. இந்தச் செயலியைப் பற்றிப் பேசும்போது முன்னே வந்து நிற்பவை ராமாயணம், மகாபாரதம், ஃபௌஜி போன்ற இந்தித் தொடர்களே. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. வயலும் வாழ்வும், ஒளியும் ஒலியும், எதிரொலி ஆகிய நிகழ்ச்சிகளோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அந்த ஒளிப்பதிவுகளில் எஞ்சியிருப்பவை அனைத்தும், ஆண்டும் ஊரும் கலந்துகொண்டோர் பெயரும் குறிக்கப்பட்டு, தேடினால் அகப்படும் வகையில் இங்கே வைக்கப்பட வேண்டும். மக்கள் பணத்தில் எடுக்கப்பட்டவற்றை மக்கள் பார்ப்பதற்குத் தனியாக ஒரு நியாயம் சொல்ல வேண்டியதில்லை. பழைய பாம்பன் தூக்குப் பாலத்தில் ரயில் ஊர்ந்து போனதையும், இராமேசுவரத்து ஆடி அமாவாசைக் கூட்டத்தையும், கீழக்கரைத் தெருக்களையும் எடுத்த காட்சிகள் இருக்குமானால், அவற்றை முதலில் பார்க்கும் உரிமை இந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. செயலியில் கருத்துத் தெரிவிக்கும்போது நட்சத்திரம் மட்டும் போட்டுவிட்டு வராமல், எந்தத் தமிழ் நிகழ்ச்சி வேண்டும் என்பதைப் பெயர் குறித்து எழுதுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.