நாகர்கோவில் டு திருவனந்தபுரம் டாக்ஸி: வண்டி சுமார், டிரைவர் அண்ணன் சூப்பர்

வண்டிக்கு மூணு ஸ்டார், டிரைவருக்கு அஞ்சு, சேத்து நாலு போட்டிருக்கேன். சென்னைலேர்ந்து வந்த மாமனார் மாமியார திருவனந்தபுரத்துல சொந்தக்காரங்க வீட்டுல விடணும், போற வழியில பழைய இடங்கள பாத்துட்டே போவோம்னு ஒரு நாள் வாடகைக்கு எடுத்தோம். ஆபீஸ்ல போன் எடுத்தவரு திங்கக்கிழமைக்கு புக் பண்ணிட்டு ஒண்ணும் சொல்லல. டிரைவர் அண்ணன் தான் அவராவே கூப்பிட்டு, "திங்கக்கிழமை பத்மநாபபுரம் அரண்மனை பூட்டிக் கெடக்கும், செவ்வாக்கிழமை போலாம்"னு மாத்திவிட்டாரு.

ஹைவேலயே போனா ஒரு மண்ணும் பாக்க முடியாதுங்க. இவரு முதல்ல புலியூர்குறிச்சில நிப்பாட்டி உதயகிரி கோட்டைக்குள்ள கூட்டிட்டு போனாரு, இத்தன வருஷமா பஸ்ல அது வழியா போயிருக்கேன், உள்ள டிலனாய் கல்லறை இருக்குன்னு எட்டிப் பாத்ததே இல்ல. 1741ல குளச்சல் சண்டையில மார்த்தாண்ட வர்மா கிட்ட தோத்துப் பிடிபட்ட டச்சுக்காரரு, அப்புறம் அதே ராஜாவோட படைக்கே பயிற்சி குடுத்து பெரிய கப்பித்தான் (கேப்டன்) ஆகி 1777ல இங்கயே செத்துப் போனாரு. கல்லறைக் கல்லுல லத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் இருக்கு, மாமா குனிஞ்சு தமிழ எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டே நின்னுட்டாரு, கெளப்பவே முடியல.

அடுத்து பத்மநாபபுரம். 1795 வரைக்கும் திருவிதாங்கூருக்கு தலைநகரம். 1956ல நம்ம கன்னியாகுமரி ஜில்லா தமிழ்நாட்டோட சேந்தாலும் அரண்மனைய இன்னிக்கும் கேரளா தான் பாத்துக்குது, அதையும் நல்லாவே வச்சிருக்காவ, சொல்லணும்ல. சிரட்டக்கரி (கொட்டாங்குச்சிக் கரி), சுண்ணாம்பு, முட்டை வெள்ளக்கரு எல்லாம் போட்டு இழைச்ச கருப்புத் தரை, செருப்ப கழட்டிட்டு கால வச்சா வெயில் நேரத்துலயும் ஜில்லுனு இருக்கு, குனிஞ்சா மூஞ்சி தெரியுது. மதியம் 1லேர்ந்து 2 வரை மூடிருவாங்க, அண்ணன் அதுக்கு முன்னாடியே உள்ள விட்டுட்டாரு.

வாய்க்கா தண்ணி போறதுக்குக் கட்டுன மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி ஒசரம், அத்தை பாதி தூரம் போயி கீழ பறளியாத்த பாத்துட்டு தல சுத்துதுன்னு திரும்பிட்டாங்க. சிதறால் மலைக்கு வெயில் தாந்த பிறகு தான் போனோம், அதுவும் அவரு ஐடியா தான், மதியம் போனா பாறை சுட்டெடுத்துரும். ஏத்தம் கொஞ்சம் இருக்கு, முட்டுவலி உள்ளவங்க யோசிச்சுக்கோங்க. மேல பாறையில வரிசையா தீர்த்தங்கரர் (சமண குருமார்) சிலைங்க, 9ஆம் நூற்றாண்டு சமணப் பள்ளி, பின்னால பகவதி கோயிலா மாறினது. அங்க காத்து அடிக்கி பாருங்க, எறங்கவே மனசு வராது.

கொற என்னன்னா பின் சீட்டுக்கு ஏசி வரவே இல்ல, வெயிட்டிங் சார்ஜ் தனின்னு கடைசில தான் சொல்லுதாங்க. ஆபீஸ்ல பேசினதோட விடாதீங்க, டிரைவர் நம்பர வாங்கி எந்த ரோட்டுல போறோம், எங்கெங்க நிப்பாட்டுவாங்கன்னு கேட்டுட்டு அட்வான்ஸ் போடுங்க.