ஸ்னோமொபைலுக்கு ஹெட்லைட் பல்ப் வாங்கும்முன் இதைப் படியுங்கள்

பனிமேல் ஓடும் என் ஸ்னோமொபைல் வண்டியில் ஹெட்லைட் பல்ப் போய்விட்டது. மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு இரண்டு முறை பணம் கொடுத்து, ஹோல்டரையும் உருக்கிக்கொண்டு, ஒரு ராத்திரி கொட்டும் பனியில் பாதை தெரியாமல் நின்றேன். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பழைய பல்பைக் கையோடு எடுத்துப் போனேன். எச்4 வகை, மூன்று பின், லோ பீமுக்கும் ஹை பீமுக்கும் தனித்தனி இழை. கடைக்காரர் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன மாடல், எந்த வருஷம், பேட்டரி உள்ள வண்டியா? ஒரு கேள்வியும் வரவில்லை. "எச்4 எல்லாம் ஒன்றுதான், இது இன்னும் பளிச்சென்று எரியும்" என்று ஒரு டப்பாவை நீட்டினார். மாட்டிப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. நம்பிவிட்டேன்.

டப்பாவில் 100/90 என்று போட்டிருந்தது, அதாவது ஹை பீமுக்கு 100 வாட்ஸ், லோ பீமுக்கு 90. என் வண்டிக்கு வேண்டியது 60/55. 12 வோல்ட்டில் 60 வாட்ஸ் என்றால் 5 ஆம்பியர்; 100 வாட்ஸுக்கு 8ஐத் தாண்டும். அந்த வயரும் ஹோல்டரும் அவ்வளவு கரண்டைத் தாங்காது. போதாததற்கு, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர் தருகிற அளவான மின்சாரத்தைத்தான் கைப்பிடியைச் சூடாக்கும் கம்பியும் பங்கு போட்டுக்கொள்கிறது. கைப்பிடியில் சூடு குறைந்ததைக் கவனித்தேன். குளிர் கூடியிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பிளாஸ்டிக் தீயும் வாடை. திறந்து பார்த்தால் ஹோல்டர் பழுப்பேறி, ஒரு பக்கம் உருகியிருந்தது.

கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பல்பின் கண்ணாடியை நான் விரலால் தொட்டிருப்பேன், அதனால்தான் என்றார். விரலின் எண்ணெய்ப்பசை பட்ட ஹாலஜன் பல்ப் சீக்கிரம் போகும் என்பது உண்மை. ஆனால் அதனால் ஹோல்டர் எப்படி உருகும்? இதைக் கேட்டதும் பேச்சை மாற்றி எல்இடி பல்பை எடுத்து வைத்தார். வாட்ஸ் கம்மி, உருகாது என்றார்.

சரி, வாட்ஸ் கம்மிதான். ஆனால் என் வண்டியில் பேட்டரி கிடையாது. ஹெட்லைட்டுக்கு வருவது ஏசி கரண்ட், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். இழை பல்ப் ஏசியிலும் நன்றாக எரியும். இந்த எல்இடியோ வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போதெல்லாம் மினுக் மினுக்கென்று துடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்புறம் வந்ததுதான் மோசம். லென்ஸில் படிகிற பனியை ஹாலஜனின் சூடு கரைத்துக்கொண்டே இருக்கும். எல்இடி அந்தச் சூட்டை முன்பக்கம் அனுப்புவதில்லை. முன்னால் போன வண்டி கிளப்பிய பனித்தூள் லென்ஸில் அப்பிக்கொண்டது. நிறுத்தித் துடைத்தேன், கொஞ்ச தூரத்தில் மறுபடி மூடியது. பாதை எங்கே வளைகிறது என்றே தெரியவில்லை. பின்னால் என் மகள் உட்கார்ந்திருந்தாள். அந்த ராத்திரியை நினைத்தால் கடைக்காரர் மேல் இன்னும் கோபம் வருகிறது.

தயவுசெய்து வண்டியின் கையேட்டில் பல்பின் வகையையும் வாட்ஸையும் சேர்த்துப் பாருங்கள். டப்பாவில் 9003 அல்லது எச்பி2 என்றிருந்தால் பயப்பட வேண்டாம், எச்4 இடத்தில் அது உட்காரும். எச்எஸ்1 என்று ஒன்று உண்டு. பார்க்க எச்4 மாதிரியே இருக்கும், ஆனால் 35/35 வாட்ஸ்தான். நீலப் பூச்சு பூசிய பல்ப் வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சு வெளிச்சத்தைத்தான் குறைக்கிறது. சரியான பல்ப் போட்டும் அடிக்கடி போகிறதா? வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் கெட்டு அது ஏறுகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எத்தனை பல்ப் வாங்கினாலும் வீண்தான்.

கடையில் இரண்டு பல்பையும் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். புது ஹோல்டர் வாங்கி, சாதாரண 60/55 ஹாலஜனை மாட்டினேன். கைப்பிடியில் பழைய சூடு திரும்பிவிட்டது, லென்ஸில் பனி நிற்பதில்லை.