யூனோஸ் ரோட்ஸ்டருக்கு 350 மில்லிமீற்றர் ஸ்ரியரிங்: யாழ்ப்பாணத்தில் சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் ஸ்ரியரிங் மாற்றுவதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் முதல் கேள்வி விட்டம் எவ்வளவு, அடுத்த கேள்வி எந்தக் கொம்பனி. என்னைக் கேட்டால் இரண்டுக்கும் முதல் பார்க்க வேண்டியது வளையம் உங்கள் நெஞ்சுக்கு எவ்வளவு கிட்ட வந்து நிற்கிறது என்பதைத்தான். சில வருடமாக ஒரே ஸ்ரியரிங்கோடு ஓடிய பிறகு இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

என்னிடம் இருப்பது மஸ்டாவின் 1990 ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். 1.6 லீற்றர் எஞ்சின், பவர் ஸ்ரியரிங் இல்லை, எயார் பேக்கும் இல்லை. இந்த முதல் தலைமுறைக் காரில் ஸ்ரியரிங்கை ஏற்றி இறக்கவும் முடியாது, முன்னுக்குப் பின்னுக்கு இழுக்கவும் முடியாது. நகர்த்தக்கூடியது சீற் மட்டும்தான், அதனால் காலுக்குச் சரியாகச் சீற்றை வைத்தால் கை நீண்டு தோள் சீற்றை விட்டுக் கிளம்பும், கைக்குச் சரியாக வைத்தால் கிளட்சை மிதிக்கும்போது தொடை வளையத்தில் முட்டும். ஏ9 வீதியால் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் அளவில் ஓடி இறங்கும்போது முந்தி எனக்கு நொந்தது முதுகு இல்லை, தோள்தான். காரணம் இதுதான்.

ஆகவே வாங்க முதல் ஒரு வேலை செய்யுங்கள். காலுக்கு ஏற்ற மாதிரிச் சீற்றை வைத்து, முதுகும் தோளும் சீற்றில் ஒட்டியபடி ஒரு கையை நீட்டுங்கள். மணிக்கட்டு வளையத்தின் மேல் விளிம்பில் வடிவாகப் படுத்தால் தூரம் சரி. விரல் நுனி மட்டும் எட்டினால் எவ்வளவு குறைகிறது என்று அடிமட்டத்தால் அளந்து எழுதி வையுங்கள். எனக்கு ஐந்து சென்ரிமீற்றர் மட்டில் எட்டாமல் இருந்தது. அந்த இடைவெளியை நிரப்ப இரண்டு வழிதான் உண்டு: ஒன்று, ஸ்ரியரிங்கின் குழிவு, அதாவது நடுத் தட்டிலிருந்து வளையம் எவ்வளவு வெளியே எழும்பி நிற்கிறது என்பது. மற்றது, தண்டுக்கும் ஸ்ரியரிங்குக்கும் நடுவில் பூட்டும் பொஸ் கிட்டின் உயரம். இந்த இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள்தான் பிறகு அதை விற்கிறார்கள்.

நான் எடுத்தது மோமோ கொம்பனியின் புரோட்டோட்டீப்போ, 350 மில்லிமீற்றர், கறுப்புத் தோல். குழிவு ஏறக்குறைய 40 மில்லிமீற்றர். பொஸ்ஸோடு சேர்த்துப் பார்த்தால் நான் அளந்த குறை அப்படியே நிரம்பியது. இன்னும் உயரமான பொஸ் போட்டிருந்தால் சிக்னல் தடி விரலுக்கு எட்டாமல் போயிருக்கும். அதையும் யோசிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு திருப்பத்திலும் கையை எடுத்துத் தடியைத் தேடுவது எங்கள் ஊர் வீதிகளில் நல்லதில்லை.

மனம் என்னவோ நார்டி கொம்பனியின் மரவளையத்தில்தான் இருந்தது. 1990 இல் பச்சை நிற வி ஸ்பெஷல் ரோட்ஸ்டரை மஸ்டாவே நார்டி மர ஸ்ரியரிங்கோடு விற்றது, அந்தக் காருக்கு அதைவிட வடிவான ஒன்றை நான் இன்றுவரை காணவில்லை. ஆனால் பவர் இல்லாத காரில் ஒழுங்கைக்குள் வெட்டித் திருப்பும்போது வளையத்தை உண்மையாகவே இழுக்க வேண்டும். சித்திரை வைகாசியில் உள்ளங்கை வியர்த்திருக்கும்போது மெருகிட்ட மரம் வழுக்குகிறது. நண்பர் ஒருவரின் காரில் ஒரு பின்னேரம் முழுக்க ஓடிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஸ்வேட் என்ற மென்மயிர்த் தோல் சுற்றிய வளையத்தையும் பிடித்துப் பார்த்தேன். புதிதாக இருக்கும்போது அதன் பிடியை அடிக்க ஒன்றும் இல்லை, ஆனால் இந்த வியர்வையில் அதன் மயிர் படுத்து, கை எண்ணெய் ஏறி, பளபளவென்று ஆகிவிடுகிறது. கையுறை போட்டு ரேஸ் ஓடுகிறவருக்கு அது சரி. தினமும் கடைக்கும் வேலைக்கும் ஓடுகிற காருக்குத் தோல்தான்.

விட்டத்துக்கு வருவோம். கணக்கு எளிது. 370 அளவு வளையத்தை 350 ஆக்கினால் அதே சில்லைத் திருப்பக் கை கொடுக்க வேண்டிய விசை ஏறக்குறைய 6 சதவீதம் கூடும், 330 ஆக்கினால் 12 சதவீதம். 6 சதவீதம் ஓடும்போது தெரியாது, நிறுத்தும்போது தெரியும். நின்ற இடத்திலேயே திருப்பாமல் கார் கொஞ்சம் உருளும்போது திருப்பப் பழகினால் போதும், ரயருக்கும் அதுதான் நல்லது. 330 இந்தக் காருக்கு வேண்டாம் என்பது என் திடமான எண்ணம். குழியில் சில்லு விழும்போது வருகிற உதறலைக் குறுகிய வளையத்தில் பிடித்து நிறுத்துவது கடினம், மீற்றர் முட்களையும் விளிம்பு மறைக்கத் தொடங்கும். 350 இல் எனக்கு வேக முள்ளும் எஞ்சின் சுற்று முள்ளும் முழுதாகத் தெரிகின்றன. தொடைக்கும் வளையத்துக்கும் இடையில் கை போகும் இடைவெளி கிடைத்தது, இதற்காகவே மாற்றலாம். பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போகும்போது பக்கக் காற்று தள்ளும். முந்தி அந்த இடத்தில் வளையத்தை இறுக்கிப் பிடித்திருப்பேன், இப்போது முழங்கை மடிந்தபடி, சின்னத் திருத்தத்தோடு நேராகப் போகிறது.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை. மோமோவின் ஆறு ஓட்டைகள் 70 மில்லிமீற்றர் வட்டத்தில், நார்டி 74 இல். ஜப்பான் பொஸ்கள் கனக்க இரண்டுக்கும் ஓட்டை போட்டே வரும், ஆனாலும் கேட்டு வாங்குங்கள். கொழும்புப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய ஜப்பான் சாமான்களோடு நல்ல ஸ்ரியரிங்குகள் வருவதுண்டு, போலிகளும் அதே கொளுக்கியில்தான் தொங்கும். உண்மையான மோமோவின் பின்பக்கத்தைத் திருப்பினால் ஆரக்காலில் கேபிஏ இலக்கமும் (ஜேர்மன் வாகனத் திணைக்களத்தின் அனுமதி இலக்கம்) தயாரித்த திகதியும் பதிந்திருக்கும். அதோடு வளையத்தை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், நெளிந்தால் அந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாருங்கள். விபத்தில் உங்கள் நெஞ்சு போய் மோதும் சாமான் இது. பொஸ்ஸும் மோதும்போது நசிந்து கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ஐத் தாண்டியபோது, இருக்கிற காரைத் திருத்தி வைத்திருப்பதுதான் எல்லோருக்கும் வழியாக இருந்தது. அந்த விலையில் ஸ்ரியரிங் ஒரு சின்னச் செலவு இல்லை. அதனால்தான் அளந்து வாங்கச் சொல்கிறேன்.

பூட்டியது எங்கள் ஊர் கராஜில். பற்றரி வயரைக் கழற்றி, முன் சில்லுகளை நேராக வைத்து, தண்டில் அடையாளம் போட்ட பிறகு கராஜ் அண்ணை சொன்னது: "தம்பி, நட்டை முழுக்கக் கழட்டிப்போட்டு இழுக்காதேங்கோ, ரெண்டு புரி நிக்கட்டும்." நட் இல்லாமல் இழுத்தால் வளையம் திடீரென்று கழன்று முகத்தில் அடிக்கும். பொஸ்ஸின் பின்னால் இருக்கும் ஊசி சிக்னல் வளையத்தில் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பம் முடிந்தும் சிக்னல் தானாக நிற்காது. ஆறு ஸ்க்ரூவையும் எதிரெதிராக இறுக்கி, கொஞ்ச நாள் ஓடிய பின் மறுபடி பார்க்க வேண்டும்.

இவ்வளவு காலத்தில் வந்த ஒரே தொல்லை கோர்ன். மாரியில் ஈரம் ஏறி பொஸ்ஸின் தொடுமுனையில் பச்சை பிடித்து, சில நாள் அடிக்கவில்லை, ஒரு நாள் தானாக அடித்தது. கழற்றி நுண்ணிய தாளால் உரசிச் சுத்தமாக்கிய பிறகு இல்லை. ஒவ்வொரு ஐப்பசிக்கு முன்னும் இதைச் செய்கிறேன். தோல், கை பிடிக்கும் இரண்டு இடத்தில் மட்டும் மினுங்குகிறது, தையல் ஒன்றும் விடவில்லை. ஈரத் துணியால் துடைத்து, வெயிலில் விடும்போது ஒரு துவாய் போட்டு மூடுவேன், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் பூசச் சொல்வார்கள், பூசாதீர்கள், செம்மண் புழுதி அதில் ஒட்டிப் பிசுபிசுத்துத் தையலுக்குள் இறங்கிவிடும்.

எயார் பேக் உள்ள கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டால் மாற்ற வேண்டாம் என்றே சொல்வேன். ரெசிஸ்டர் போட்டு எச்சரிக்கை விளக்கை அணைக்கலாம், அணைந்தது விளக்கு மட்டும், எயார் பேக் போனது போனதுதான். டொயோட்டா 86 போன்ற கார்களுக்கு அது தேவையும் இல்லை. 2012 இல் 365 மில்லிமீற்றர் வளையத்தோடு வந்தது, 2017 இல் அதை 362 ஆக்கினார்கள், ஸ்ரியரிங்கை ஏற்றி இறக்கவும் உள்ளே வெளியே இழுக்கவும் முடியும். அதில் கைக்குப் பிடி போதவில்லை என்றால், இருக்கிற வளையத்துக்கே நல்ல தோல் சுற்றித் தைக்கக் கொடுங்கள், அதற்கு மட்டும் காசு செலவழியுங்கள்.