ஆங்கில மரபுத்தொடர் அகராதி: பல ஆண்டுகள் புழங்கிய பிறகு

ஆங்கில மரபுத்தொடர்களுக்கென்று தனி அகராதி வாங்க வேண்டுமா என்று கேட்டால், வாங்கலாம் என்பேன். ஆனால் ‘ஆயிரம் தொடர்களும் பொருளும்’ வகைப் புத்தகம் வேண்டாம். என்னிடம் இருப்பவை தூசி படிந்து கிடக்கின்றன. இடப்பக்கம் தொடர், எதிரே ஒரு வரிப் பொருள், அவ்வளவுதான். ‘கிக் த பக்கெட்’ என்பதற்கு ‘இறத்தல்’ என்று போட்டிருப்பார்கள். பொருள் சரிதான். அதை நம்பி ஒருவர் இரங்கல் கடிதத்தில் எழுதினால்? ‘உங்கள் தந்தை மண்டையைப் போட்ட செய்தி அறிந்து வருந்துகிறேன்’ என்ற கதைதான்.

இன்றும் கைக்கெட்டும் தூரத்தில் நான் வைத்திருப்பது மொழி கற்பவர்களுக்கான மரபுத்தொடர் அகராதி ஒன்று. கூடவே, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கேம்பிரிட்ஜ் அகராதி. தொடக்கத்தில் பொருளை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவேன். இப்போது கண் முதலில் போவது பொருளுக்கு முன்னால் இருக்கும் சின்னக் குறிப்புகளுக்குத்தான்: பேச்சு வழக்கு, பழைய வழக்கு, பிரிட்டன், அமெரிக்கா. ‘டேபிள்’ என்ற வினையைப் பாருங்கள். ஒரு தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு முன்வைப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்தச் சொல்லால் நெடுநேரம் வாதாடியதையும், இரு தரப்பும் வேண்டியது ஒன்றே என்பது பிறகே தெரிந்ததையும் சர்ச்சில் பதிவு செய்திருக்கிறார்.

விளையாட்டிலிருந்து வந்தவற்றிலும் இந்த நாட்டுக் குறிப்பு கைகொடுக்கிறது. ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்றால் இக்கட்டான நிலை. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு உடனே பிடிபடும். ஈரம் காயும் ஆடுகளத்தில் பந்து எப்படி எழும்பும் என்று யாருக்கும் தெரியாது, மட்டையாளர் பாடு திண்டாட்டம். ‘பால்பார்க் ஃபிகர்’ என்பது உத்தேசக் கணக்கு. அது பேஸ்பால் வழி வந்தது, நாம் பார்த்து வளராத ஆட்டம்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களின் அருமை தாமதமாகத்தான் புரிந்தது. ‘ஸ்பில் த பீன்ஸ்’ என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது. செயப்பாட்டு வினையாக்கி, பீன்ஸ் கொட்டப்பட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னாலும் அந்தப் பொருள் நிற்கும். பக்கெட் உதைக்கப்பட்டது என்று சொல்லுங்கள், யாரும் சாகமாட்டார்கள், வெறும் வாளிதான் உருளும். எந்தத் தொடர் எவ்வளவு வளையும் என்பதை இலக்கண விதியாக எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. வாக்கியங்களைப் படித்துப் படித்துத்தான் பிடிபட்டது.

குறைகளும் உண்டு. அச்சு அகராதியில் தேடுவது தலைவலி. நான்கு சொல் கொண்ட தொடரை எந்தச் சொல்லின் கீழ் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல் பின்னட்டைப் பக்கச் சொல்லடைவுக்கும் நடுப்பக்கத்துக்கும் விரல் அலைந்துகொண்டே இருக்கும். இன்னொன்று, தோற்றக் கதைகள். கொட்டும் மழையைச் சொல்லும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ வந்தது கூரையில் படுத்திருந்த பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்ததால் என்றொரு கதை உலவுகிறது. வெறும் கட்டுக்கதை. அதையும் அச்சில் ஏற்றிய புத்தகம் என்னிடம் இருக்கிறது. வரப்போகும் கேட்டின் அறிகுறியைச் சொல்லும் ‘த ரைட்டிங் ஆன் த வால்’ பைபிளின் தானியேல் நூலிலிருந்து வந்தது என்பதுபோல உறுதியானவை சுவையாகவே இருக்கும். ஆனாலும் தோற்றம் தெரிந்ததால் எனக்கு ஒரு தொடரைச் சரியாகப் பயன்படுத்த வந்துவிட்டதாக நினைவில்லை.

கைபேசி மொழிபெயர்ப்பு போதாதா என்பார்கள். பிரபலமான தொடர்களை அது இப்போது நன்றாகவே சமாளிக்கிறது. நழுவவிடுவது தொனியை. ‘வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்’ என்பதை ‘உரிய மரியாதையுடன்’ என்று தரும். அடுத்து வரப்போவது மறுப்பு என்று எச்சரிக்காது. தமிழ் உருவத்தோடு ஒத்துப்போகிறவற்றிலும் கவனம் தேவை. ‘கட்த்ரோட்’ போட்டி என்றால் ஈவிரக்கமற்ற கடும் போட்டி. நம் பேச்சில் கழுத்தறுப்பு என்றால் பெரும்பாலும் தாங்க முடியாத அறுவை.

செய்தி படிக்க மட்டும் என்றால் இணைய அகராதியே போதும். அலுவல் கடிதமும் அறிக்கையும் எழுதுகிறவர்கள் அச்சு அகராதி வாங்கலாம். வாங்கும் முன் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். முழு வாக்கியமும் வழக்குக் குறிப்பும் இல்லையென்றால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.