இரண்டாம் நாளே டிஸ்சார்ஜ்: வடிகுழாய் பாட்டிலோடு பதினோரு நாள்

ஆலங்குளத்தில் இருக்கும் சித்தி மகளுக்கு அடுத்த வாரம் மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன். "ரெண்டாம் நாளே வீட்டுக்குப் போலாம்னு சொல்லுதாவ, போவட்டாக்கா?" என்று கேட்டாள். ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மார்பகத்தையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் எடுத்து எனக்கு ஒன்றரை வருஷம் ஆகிறது. நானும் இரண்டாம் நாளே வந்தவள்தான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வார்டில் இரண்டு ராத்திரியும் பொட்டுத் தூக்கம் இல்லை. கல்லிடைக்குறிச்சி வந்த அன்று ஆச்சி ரசஞ்சோறு பிசைந்து தந்தாள். சாப்பிட்டுப் படுத்தவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எழுந்தேன். வலியும் நான் பயந்த அளவு இல்லை. காரில் சீட் பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவே சின்னத் தலையணை வைத்திருந்ததால் சேரன்மகாதேவி வேகத்தடைகள்கூடத் தெரியவில்லை.

ஆனால் அந்த பாட்டில்! அக்குளுக்குள்ளிருந்து வரும் குழாயின் நுனியில் தொங்குமே, அது. அமுக்கிச் சுருக்கி மூடினால்தான் உள்ளே ஊறும் நீரை இழுக்கும். காற்று புகுந்து உப்பிவிட்டால் இழுக்காது. இதை யாரும் எங்களுக்குச் செய்து காட்டவில்லை. "தினம் அளந்து எழுதுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முதல் ராத்திரி இரண்டு மணிக்கு நைட்டி நனைந்து விழித்தேன். பாட்டில் உப்பிக் கிடக்கிறது, குழாய் போட்ட இடத்தில் கட்டைத் தாண்டி ரத்தநீர் கசிகிறது. கொடுத்த நம்பரில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டார்ச்சைப் பிடித்திருந்த என் வீட்டுக்காரர் கை நடுங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை. விடிந்ததும் தெருக்கோடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா வந்து, குழாயில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை விரலால் நீவித் தள்ளி, பாட்டிலைச் சுருக்கி மூடினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த இரண்டு நிமிஷத்தை ஆஸ்பத்திரியில் எங்களுக்குத் தந்திருக்கக் கூடாதா?

பாட்டிலை எங்கே வைப்பது என்பது அடுத்த பாடு. கையில் பிடித்தபடி எத்தனை நேரம் நடப்பது? ஆச்சி தன் வெற்றிலைச் சுருக்குப்பை அளவுக்கு ஒன்றரை மடங்காகப் பழைய பருத்திச் சேலையில் ஒரு பை தைத்து, கழுத்தில் மாட்ட நீளமாக நாடா வைத்தாள். பாட்டில் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. குழாய் இழுபடவில்லை, விசாரிக்க வந்தவர்கள் கண்ணிலும் படவில்லை. அந்தப் பை வந்த பிறகுதான் முற்றத்தில் நிமிர்ந்து நடந்தேன்.

பாட்டிலில் சேர்ந்த நீர் முதல் நாள் 140 மில்லி. சிவப்பு வெளுத்து, பிறகு வைக்கோல் நிறமானது. 24 மணி நேர அளவு தொடர்ந்து இரண்டு நாள் 30-க்குக் கீழே இறங்கியதும் பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். பிறகு ஒருமுறை நீர் கோத்து ஊசியால் எடுக்க வேண்டியிருந்தது. சுவரில் விரல்களால் ஏறும் பயிற்சிக்கு நான் போட்ட பென்சில் கோடுகள் அடுக்களைச் சுவரில் இன்னும் இருக்கின்றன. கை முழுசாக மேலே போகிறது. மேல்கையின் உள்பக்கம் மட்டும் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது.

வீட்டில்தான் தேறினேன், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் என்னைக் கேட்டால், இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டு வா என்றுதான் சொல்லுவேன். அந்த ராத்திரி உனக்கு வேண்டாம்ட்டி. அவர்கள் அனுப்பியே தீருவோம் என்றால், உன் வீட்டுக்காரரைக் கூட்டிவந்து, நர்ஸ் முன்னால் அவர் கையாலேயே பாட்டிலைத் திறந்து, அளந்து, சுருக்கி மூடச் சொல். அதைச் செய்யாமல் படி இறங்காதே. சுருக்குப்பையைத் துவைத்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன்.