வேலை மாறும் முன் பத்து டொலர் செலவழியுங்கள்: ட்ரக் ஓட்டுநர்களின் பி.எஸ்.பி. அறிக்கை பற்றி

கனடாவின் ஒன்ராறியோவில், பெரிய ட்ரெய்லர் ட்ரக் ஓட்டுவதற்கான ஏஇசட் லைசென்ஸ் எடுத்து அமெரிக்கா ஓடுகிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். வேலை மாறுகிற யோசனை வந்தால் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்தக் கொம்பனி இப்ப ஆள் எடுக்கிறாங்கள்?" என்றுதான். நான் அதற்கு முன்னால் ஒரு வேலை சொல்வேன். அமெரிக்க மத்திய அரசின் கணினியில் உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். அதன் பெயர் பி.எஸ்.பி. வேலைக்கு எடுக்கும் முன் ஓட்டுநரின் பதிவைப் பார்ப்பதற்காக, எஃப்.எம்.சி.எஸ்.ஏ. எனப்படும் அமெரிக்க ட்ரக் பாதுகாப்பு நிர்வாகம் 2010 இல் தொடங்கிய சேவை. கொம்பனிகளும் வாங்கலாம், நாமும் வாங்கலாம். விலை பத்து அமெரிக்க டொலர்.

கடந்த வருடம் நான் வேலை தேடியபோது இதை வாங்கினேன். ஒரு பழைய ஓட்டுநர், எனக்கு அண்ணன் முறை, "தம்பி, அவங்கள் பாக்கிறதுக்கு முதல் நீ பார்" என்று சொன்னதால்தான் வாங்கினேன். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த புத்திமதிகளில் அதைப் போல் பயன்பட்டது வேறில்லை.

அதற்கு முன் என் நிலை இதுதான். நான் ஓடிக்கொண்டிருந்த இடம் என்னைத் தொழிலாளியாக வைத்திருக்கவில்லை. என் பெயரில் ஒரு கொம்பனி பதியச் செய்து, அதற்குச் செக் போடுவார்கள். ஒன்ராறியோவில் 'ட்ரைவர் இன்க்' என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். விடுமுறைச் சம்பளம் இல்லை, வேலைக் காப்புறுதி இல்லை, களஞ்சியத்தில் ஆறு மணித்தியாலம் காத்துக் கிடந்தாலும் அதற்குக் காசு இல்லை. வெளியே வர வேண்டும் என்று நல்ல இடங்களுக்கு விண்ணப்பம் போட்டேன். தொலைபேசியில் நன்றாகக் கதைப்பார்கள். என் சம்மதக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு சத்தம் இருக்காது. காரணமும் சொல்ல மாட்டார்கள். அனுபவம் இருக்கிறது, எல்லையை விரைவாகக் கடக்க உதவும் ஃபாஸ்ட் கார்ட் இருக்கிறது, ஒன்ராறியோ அப்ஸ்ட்ராக்ட், அதாவது மாகாணத்தின் ஓட்டுநர் பதிவு, சுத்தம். அப்படியிருக்க ஏன் என்று மண்டையைப் போட்டு உடைத்தேன்.

அறிக்கை கையில் வந்த பிறகுதான் விளங்கியது.

வாங்குவது கடினமில்லை. ஒன்லைனில் பெயர், பிறந்த திகதி, லைசென்ஸ் இலக்கம், எந்த மாகாணம் என்று கொடுத்து கார்ட்டில் பணம் கட்ட வேண்டும். கடந்த சில வருடங்களில் லைசென்ஸ் இலக்கமோ மாகாணமோ மாறியிருந்தால் பழையதையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் பதிவு முழுதாக வராது. அறிக்கையில் இரண்டு பகுதி. விபத்துகள் ஐந்து வருடத்துக்கு, வீதியோரச் சோதனைகள் மூன்று வருடத்துக்கு. புள்ளி, தரம், நல்லவன் கெட்டவன் என்ற தீர்ப்பு எதுவும் கிடையாது. நடந்ததை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நீதிமன்றத் தண்டனைகள் இதில் வராது. அவை லைசென்ஸ் அப்ஸ்ட்ராக்டில் இருக்கும்.

என் அறிக்கையின் முதல் பகுதியில் ஒரு விபத்து இருந்தது. பென்சில்வேனியாவில், ஸ்க்ரான்டன் பக்கம், ஐ-81 நெடுஞ்சாலையில் வீதி வேலை நடந்ததால் எல்லா வண்டியும் நின்றது. நானும் நின்றேன். பின்னால் வந்த கார் என் ட்ரெய்லரில் இடித்தது. எனக்கு பின் பம்பரில் ஒரு நெளிவு மட்டும். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போனது, எனக்கு டிக்கெட் இல்லை. அந்த விடயம் அன்றைக்கே முடிந்தது என்றுதான் இருந்தேன். ஆனால் அமெரிக்க விதிப்படி ஒருவர் இறந்தாலோ, காயப்பட்டு அந்த இடத்தை விட்டு மருத்துவத்துக்குப் போனாலோ, ஏதாவது ஒரு வாகனம் ஓட முடியாமல் கட்டி இழுக்கப்பட்டாலோ அது பதிவுக்குரிய விபத்து. இடித்த காரை இழுத்துக்கொண்டு போனார்கள். அதனால் அது என் பெயரிலும் ஏறியது. யாருடைய பிழை என்று அந்த வரியில் இருக்காது. 'விபத்து: 1, இழுக்கப்பட்டது: 1' என்று மட்டும் பார்க்கிற ஆட்சேர்ப்பு அலுவலர் என்ன நினைப்பார் என்று நீங்களே யோசியுங்கள்.

இரண்டாம் பகுதியில் சோதனைகள். இதை எப்படி வாசிப்பது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஒவ்வொரு குறைக்கும் ஒரு விதி இலக்கம் போட்டிருக்கும். 392 இல் தொடங்கினால் ஓட்டும் விதம்: வேகம், போன், சீட் பெல்ட் போன்றவை. 395 என்றால் ஓட்டும் நேரம், அதை எழுதும் லொக் பதிவேடு. 393 என்றால் வண்டியின் பாகங்கள். 396 என்றால் பராமரிப்பு. எனக்கு ஒஹாயோவில் ஒரு 393.9 இருந்தது. எரிய வேண்டிய விளக்கு ஒன்று எரியவில்லை. கொம்பனியின் ட்ரெய்லர்தான், ஆனால் கொளுவி இழுத்தது நான், ஆகவே என் பதிவு. நான் கொம்பனியை விட்டு வந்தாலும் அந்த வரி என்னோடுதான் வரும். கொம்பனியின் பாதுகாப்புக் கணக்கில் ஒரு சோதனை இரண்டு வருடம் எண்ணப்படும், ஓட்டுநரின் பி.எஸ்.பி.யில் மூன்று வருடம் கிடக்கும். இந்த வித்தியாசத்தை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்வதில்லை. கொம்பனி மறந்த பிறகும் ஒரு வருடம் நாங்கள் சுமக்கிறோம்.

நல்லதும் இருக்கிறது. குறை எதுவும் இல்லாமல் முடிந்த சோதனைகளும் கணக்கில் வரும். அதனால் நெடுஞ்சாலையில் ட்ரக் எடை பார்க்கும் தராசில் நிறுத்திச் சோதித்தால் சினக்காதீர்கள். சுத்தமாக முடிகிற ஒவ்வொரு சோதனையும் உங்களுக்காகப் பேசும். எனக்கு அப்படிச் சில இருந்தன. நேர்முகத்தில் நான் முதலில் காட்டியது அவற்றைத்தான்.

பி.எஸ்.பி.யை வாங்கி வைத்துக்கொண்டு கவலைப்படுவதில் பலனில்லை. பிழையான பதிவைக் கேள்வி கேட்க டேட்டாக்யூஸ் என்ற இன்னொரு சேவை இருக்கிறது. முற்றிலும் இலவசம். உங்கள் முறைப்பாடு அந்தப் பதிவை எழுதிய மாநிலத்துக்கே போகும். உதாரணத்துக்கு, சோதனையில் டிக்கெட் எழுதினார்கள், பிறகு நீதிமன்றத்தில் அது தள்ளுபடியானது என்று வையுங்கள். 2014 ஓகஸ்ட் 23 க்குப் பிந்திய சோதனை என்றால், தீர்ப்பின் பிரதியை ஏற்றி அந்தக் குறையை நீக்கக் கேட்கலாம். டிக்கெட்டுக்கு வழக்காடி வென்றுவிட்டு, இந்த இரண்டாவது படியைச் செய்யாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். வென்ற வழக்கு இன்னும் அவர்களின் அறிக்கையில் குறையாகவே கிடக்கிறது.

விபத்துக்கு வேறு வழி. தடுத்திருக்கக்கூடிய விபத்தா என்று தீர்மானிக்கும் திட்டம் ஒன்று 2020 இல் இருந்து நிரந்தரமாக நடக்கிறது. பின்னால் இடிபட்டது, எதிர்த்திசையில் வந்த வாகனம் மோதியது, மிருகம் குறுக்கே பாய்ந்தது, மற்ற வாகனத்தின் சாரதி மது போதையில் வந்து இடித்தது என்று குறிப்பிட்ட வகைகள் இருக்கின்றன. உங்கள் விபத்து அந்த வகைக்குள் வந்தால், ஓட்டுநராகிய நீங்களே டேட்டாக்யூஸ் வழியாக விண்ணப்பிக்கலாம். கொம்பனி செய்யும் என்று காத்திருக்கத் தேவையில்லை. பொலிஸ் அறிக்கை கட்டாயம். நான் அதைப் பென்சில்வேனியாவில் இருந்து எடுத்து, படங்களோடு அனுப்பினேன். உடனே பதில் வராது, பொறுமை வேண்டும். முடிவு 'தடுத்திருக்க முடியாதது' என்று வந்தது. அந்த விபத்து பி.எஸ்.பி.யில் இருந்து அழியாது, பக்கத்தில் அந்தக் குறிப்பு சேரும். எனக்கு அது போதுமாக இருந்தது.

இடையில் ஒரு எச்சரிக்கை. "உங்கட ரெக்கோர்டைக் கிளீன் பண்ணித் தாறம்" என்று முந்நூறு, நானூறு டொலர் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கும் ஒருவர் அப்படிச் சொன்னார். அவர் செய்யப்போவது நீங்கள் சும்மா நிரப்பக்கூடிய அதே படிவத்தைத்தான். உண்மையாக நடந்த குறையை யாராலும் அழிக்க முடியாது. ஆங்கிலம் கஷ்டம் என்றால் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி நிரப்புங்கள். அந்தக் காசு டயர் வாங்க உதவும்.

சரி, பி.எஸ்.பி.யில் வராத ஒன்று இருக்கிறது. பழைய முதலாளியின் வாய். அமெரிக்கா ஓடுகிற கொம்பனி புதிய ஓட்டுநரை எடுத்தால், முந்தைய மூன்று வருட முதலாளிகளிடம் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். என் பழைய இடத்தில் "சொல்லாமல் விட்டுட்டுப் போனவர்" என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே நான் ஈமெயிலில் அறிவித்தது என் போனில் இருக்கிறது. இதற்கும் வழி 391.23 என்ற விதியில் இருக்கிறது. உங்களைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று புதிய கொம்பனியிடம் எழுத்தில் கேட்கலாம், அவர்கள் காட்ட வேண்டும். வேலை கிடைத்த அல்லது மறுக்கப்பட்ட நாளில் இருந்து முப்பது நாளுக்குள் கேட்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பிழை இருந்தால் திருத்தச் சொல்லிப் பழைய முதலாளிக்கு எழுதலாம். பதினைந்து நாளுக்குள் திருத்த வேண்டும், அல்லது திருத்த மாட்டேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் உங்கள் மறுப்பை எழுதிக் கொடுக்கலாம், அதையும் பதிவோடு சேர்த்துத்தான் அவர்கள் அனுப்ப வேண்டும். நான் மறுப்பு எழுதி, அந்த ஈமெயிலை இணைத்தேன். ஒரு பக்கம்கூட வராது. கோபத்தை எழுதாமல் திகதிகளை மட்டும் எழுதினேன்.

இவ்வளவும் முடிந்து மிசிசாகாவில் ஒரு கொம்பனிக்குப் போனேன். பாதுகாப்பு மனேஜர் ஒரு பஞ்சாபிப் பெண்மணி, முன்பு ட்ரக் ஓடியவர். விண்ணப்பப் படிவத்தை அவர் திறக்கும் முன்பே என் பி.எஸ்.பி., விபத்துத் தீர்மானம், பொலிஸ் அறிக்கை, மறுப்புக் கடிதம் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். "இதில் ஒரு விபத்து இருக்கிறது, முதலே சொல்லிவிடுகிறேன்" என்றேன். அவர் வாசித்துவிட்டு, "முக்கால்வாசிப் பேர் இது வெளியில் வராது என்று நம்பிக்கொண்டு வருகிறார்கள்" என்றார். பிறகு ஐ-81 பற்றியும் குளிர்காலத்தில் அந்த மலை ஏற்றம் பற்றியும்தான் கதைத்தோம். வீதிப் பரீட்சை, போதைப்பொருள் பரிசோதனை எல்லாம் வழமைபோல். இன்சூரன்ஸ்காரரும் அந்தக் கோப்பைப் பார்த்துச் சரி சொன்னார்கள்.

இன்றைக்கு நான் அங்கே சம்பளப் பட்டியலில் இருக்கிற தொழிலாளி. வருட முடிவில் டி-4 எனப்படும் சம்பள வரிச் சீட்டு வரும். காத்திருப்பு நேரத்துக்குக் காசு. பல் வைத்தியத்துக்குக் காப்புறுதி. மைலுக்குக் கிடைக்கிற காசு முந்தியதை விடக் கொஞ்சம்தான் கூட, ஆனால் வருடக் கணக்குப் பார்த்தால் வித்தியாசம் பெரிது.

பி.எஸ்.பி.யில் எனக்குப் பிடிக்காதவை இரண்டு. ஒன்று, விதி இலக்கங்களுக்குச் சாதாரண ஓட்டுநருக்கு விளங்கும் விளக்கம் போதாது. இரண்டு, யார் பிழை என்று தெரியாத விபத்தை எல்லோருக்கும் ஒரே மாதிரிக் காட்டுவது. குறிப்புச் சேர்க்க வழி இருந்தாலும், அந்த வேலை முழுவதும் ஓட்டுநரின் தலையில் விழுகிறது. நின்ற இடத்தில் இடிபட்டவன் தான் குற்றவாளி இல்லை என்று தானே நிரூபிக்க வேண்டியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொன்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் திகதி இருக்கும். உங்கள் மோசமான சோதனை அடுத்த இரண்டு மாதத்தில் மூன்று வருடத்தைத் தாண்டப் போகிறது என்றால், இப்போதைய வேலையில் அதுவரை இருந்துவிட்டு விண்ணப்பியுங்கள். அறிக்கை மாதத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கப்படும், அதையும் கணக்கில் எடுங்கள்.

அமெரிக்காவுக்குப் போகாமல் ஒன்ராறியோவுக்குள், அல்லது மொன்றியல் பக்கம் மட்டும் ஓடுகிறவர்கள் இதற்குக் காசு கட்ட வேண்டாம். அமெரிக்காவில் சோதனையோ விபத்தோ இல்லாவிட்டால் வெற்று அறிக்கைதான் வரும். அவர்கள் ஒன்ராறியோவின் மூன்று வருட ஓட்டுநர் பதிவையும், வணிக வாகனங்களுக்கான ஐந்து வருட சி.வி.ஓ.ஆர். ஓட்டுநர் அப்ஸ்ட்ராக்டையும் எடுத்தால் சரி.