சோனி ஏ6000: பாடியில் மிச்சம் பிடித்து லென்ஸில் போடுங்கள்

முதல்முறையாக மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) வாங்குகிறவர்களில் நிறைய பேர் கையில் இருக்கிற பணம் முழுவதையும் புது பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், போட்டுவிட்டு, பெட்டிக்குள் வரும் கிட் லென்ஸோடு வருஷக்கணக்கில் நின்றுவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தமான விஷயம். படத்தின் தரத்தை பாடியைவிட லென்ஸ்தான் அதிகம் தீர்மானிக்கிறது. அதனால்தான் 2014இல் வந்த சோனி ஏ6000ஐப் பற்றி இப்போது எழுதுகிறேன். நல்ல நிலையில் ஒரு பழைய பாடி கிடைத்தால், மிச்சமாகும் பணத்தில் ஒரு நல்ல லென்ஸ் வாங்கிவிடலாம். ஆனால் எல்லோருக்கும் இது சரிப்படாது, குறைகள் நிறைய உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் நல்லது. 24.3 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு) சென்சார், பேட்டரியும் கார்டும் சேர்த்து 344 கிராம். தோள்பையில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம், கழுத்து வலிக்காது. ஃபோகஸ்தான் இந்த கேமராவின் உண்மையான பலம். வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் 179 ஃபேஸ் டிடெக்‌ஷன் புள்ளிகள் சட்டகத்தின் ஓரம் வரை பரவியிருக்கின்றன, அந்தக் காலத்து டிஎஸ்எல்ஆர்களில் (கண்ணாடி வைத்த கேமராக்களில்) அவை நடுவில் மட்டும்தான் கொத்தாக இருக்கும். நகரும் ஆளை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸில் வைத்துவிட்டு, ஓடிவரும் குழந்தையை விநாடிக்கு 11 படம் வீதம் எடுத்தால் பெரும்பாலானவை கூர்மையாகவே வரும். பகல் வெளிச்சத்தில் இன்றைக்கும் இது வேகமான கேமராதான். மாலை மங்கியதும் கதை மாறுகிறது. லென்ஸ் முன்னும் பின்னும் தேட ஆரம்பிக்கும், ஓடுகிற ஆளை அது பிடிப்பதற்குள் அவர் போய்விடுவார். கண்ணைத் தேடிப் பிடிக்கும் வசதியும் உண்டு, ஆனால் ஒருமுறை பிடித்து நிறுத்தும் ஒற்றை ஃபோகஸ் முறையில் மட்டும்தான் வேலை செய்யும், அதற்கும் ஒரு பட்டனை நாமே மெனுவில் ஒதுக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். 2019இல் வந்த ஏ6100, ஏ6400 இரண்டிலும் அது தானாகவே, ஆள் நகர நகர, கூடவே வரும். மனிதர்களை மட்டுமே எடுக்கிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

சரி, லென்ஸுக்கு வருகிறேன். கூட வரும் 16-50 மி.மீ. கிட் லென்ஸ் (16 அகலமான காட்சிக்கு, 50 நெருக்கத்துக்கு) மடங்கினால் தட்டையாகிவிடும், கேமரா கிட்டத்தட்ட சட்டைப்பை அளவுக்கு வந்துவிடும், கை நடுக்கத்தால் வரும் ஆட்டத்தைக் குறைக்கும் வசதியும் அதில் உண்டு. அதோடு சரி. 16 மி.மீ.இல் நேர்கோடுகள் பீப்பாய் மாதிரி வளைவதை கேமரா மென்பொருளால் நிமிர்த்திக் கொடுக்கிறது, அப்படி இழுத்து நிமிர்த்தியதில் மூலைகள் குழைந்துபோகின்றன. கோவில் கோபுரத்தை அகலமாக எடுத்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், நடுவில் சிற்பங்கள் தெளிவாக இருக்கும், ஓரத்தில் பொம்மைகள் கரைந்து கிடக்கும். 50 மி.மீ.க்குப் போனால் அபர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழையும் துளை, எஃப் 5.6க்கு இறங்கிவிடும் (எண் கூடினால் துளை சிறிது), மண்டபத்துக்குள் அந்த வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓ, அதாவது கேமராவின் ஒளி உணர்திறன் அளவு, ஏறிக்கொண்டே போகும்.

இதே பாடியில் சிக்மா 30 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை மாட்டிப் பாருங்கள், வேறு கேமராவை எடுத்த மாதிரி இருக்கும். எஃப் 1.4க்கும் 5.6க்கும் நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தில் இரு மடங்கு) வித்தியாசம், அதாவது பதினாறு மடங்கு வெளிச்சம். கிட் லென்ஸ் ஐஎஸ்ஓ 6400 கேட்கிற இடத்தில் இது 400இல் முடித்துவிடும். முகூர்த்த நேரத்தில் ஃப்ளாஷ் போடாமல், ஹோமப் புகையும் விளக்கு வெளிச்சமும் அப்படியே வரும்படி எடுக்க முடிகிறது. தங்கச் சரிகையில் வெளிச்சம் எரிந்துபோகாமல் நிற்கிறது. சென்சார் முதலிலிருந்தே இதற்குத் தயாராகத்தான் இருந்தது, வெளிச்சத்தை உள்ளே விடத்தான் ஆள் இல்லை. முழு அபர்ச்சரில் கூர்மையான விளிம்புகளில் லேசாக ஊதா, பச்சை நிறம் ஒட்டும், எஃப் 2.8 வரை மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. ஏ6000 பாடியில் ஆட்டத்தைக் குறைக்கும் வசதி கிடையாது, இந்த சிக்மாவிலும் கிடையாது. ஆகவே கை நடுங்கினால் படம் நடுங்கும். இதைவிட மோசமானது ஆட்டோ ஐஎஸ்ஓ, அதாவது ஐஎஸ்ஓவை கேமராவே தேர்ந்தெடுக்கும் முறை. குறைந்தபட்ச ஷட்டர் வேகம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று இந்த கேமராவிடம் சொல்லவே முடியாது. அபர்ச்சரை மட்டும் நாம் தேர்ந்தெடுக்கும் முறையில் வைத்தால் இந்த மாதிரி லென்ஸ்களுக்கு ஷட்டர் 1/60 விநாடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நிற்கிறவருக்கு அது போதும், ஓடுகிற குழந்தைக்குப் போதாது. இது மென்பொருளில் ஒரு வரி மெனுவாகக் கொடுத்திருக்கக்கூடிய விஷயம், ஏ6300இல் கொடுத்துமிருக்கிறார்கள், இதில் இல்லாதது எனக்கு ஒப்பவில்லை. ஒரே வழி, மேனுவலுக்குப் போய் எஃப் 2, 1/250 என்று நாமே வைத்துவிட்டு ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுவது. பழகிவிட்டால் அதுவே சௌகரியம்.

அடுத்தது ஃபோகஸ் புள்ளியை நகர்த்துவது. தொடுதிரை இல்லை, ஜாய்ஸ்டிக் இல்லை. ஒரு பட்டனை அழுத்தி, பின்பக்கச் சக்கரத்தின் நாலு திசையிலும் தட்டித் தட்டிப் புள்ளியைக் கொண்டுபோக வேண்டும், அதற்குள் எதிரில் இருப்பவர் சிரித்து முடித்திருப்பார். கைபேசியில் திரையைத் தொட்டுப் பழகியவர்களுக்கு இது முதல் வாரமே எரிச்சலைக் கொடுக்கும். நடுப்புள்ளியில் பிடித்து, பாதி அழுத்தி, சட்டகத்தை நகர்த்தும் பழைய பழக்கம் இருந்தால் தப்பிக்கலாம்.

வ்யூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு திரை) இருப்பதே ஒரு வரம்தான், உச்சி வெயிலில் பின்பக்கத் திரையில் எதுவும் தெரியாது. ஆனால் இதற்கு முந்தைய நெக்ஸ்-6இல் 23.6 லட்சம் புள்ளிகள் கொண்ட வ்யூஃபைண்டர் இருந்தது, இதில் 14.4 லட்சம்தான். சாய்வு காட்டும் கோடும் நெக்ஸ்-6இல் இருந்தது, இதில் எடுத்துவிட்டார்கள். கட்டடங்கள் எடுக்கிறவர்கள் கட்டக்கோடுகளை வைத்துக் கண்ணால்தான் சமன் பார்க்க வேண்டும்.

பழைய மேனுவல் லென்ஸ் பிரியர்களுக்கு மட்டும் ஒரு பத்தி. சோனி இ-மவுண்டில் (இந்த கேமராவில் லென்ஸ் மாட்டும் வளைய வகை) லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 18 மி.மீ.தான் தூரம். நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5. அந்த இடைவெளியை ஒரு வெற்று அடாப்டர் குழாயால் நிரப்பிவிடலாம், உள்ளே கண்ணாடி எதுவும் வேண்டாம், தரமும் குறையாது. வீட்டு அலமாரியில் அப்பாவோ தாத்தாவோ பயன்படுத்திய பழைய 50 மி.மீ. லென்ஸ் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால் எடுத்து மாட்டுங்கள். ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டால் கூர்மையாக இருக்கும் விளிம்புகள் நிறம் மாறிக் காட்டும், கையால் திருப்பி ஃபோகஸ் செய்வது கஷ்டமாகவே இருக்காது. நகராத ஆளை, பொருளை, நிதானமாக எடுக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

வீடியோவுக்கு இதை வாங்காதீர்கள். 4கே இல்லை, மைக் மாட்ட ஓட்டை இல்லை, திரையை உங்கள் பக்கம் திருப்ப முடியாது. பேசி வீடியோ போடுகிறவர்களுக்கு இதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அப்புறம் ஷட்டர் சத்தம். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் இதில் கிடையாது, அமைதியான சபையில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தலைகள் திரும்பும்.

பேட்டரி சிறியது. வ்யூஃபைண்டர் வழியாக எடுத்தால் 310 படம் என்பது நிறுவனத்தின் கணக்கு, எப்படியும் இரண்டு உதிரி வேண்டும். பெட்டியில் தனி சார்ஜர் வராது, மைக்ரோ யூஎஸ்பி கம்பியால் கேமராவுக்குள்ளேயே சார்ஜ் ஏற வேண்டும், பயணத்தில் பவர் பேங்கிலிருந்து ஏற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு ஆறுதல். தூசிக்கும் தண்ணீருக்கும் காப்பு கிடையாது, கடற்கரைக் காற்றில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள்.

இந்தக் குறைகளில் எது உங்களுக்கு முக்கியம் என்று பாருங்கள். வீடியோ என்றால் ஏ6400 பக்கம் போங்கள், குழந்தைகள் பின்னால் ஓடிக்கொண்டே எடுப்பதுதான் வேலை என்றால் குறைந்தது ஏ6100. தெரு, பயணம், கோவில், நிதானமாக மனிதர்கள் என்றால் ஏ6000 தாராளமாகப் போதும். பழையது வாங்கும்போது அபர்ச்சரை எஃப் 16இல் வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், சென்சாரில் இருக்கும் அழுக்கும் கீறலும் அதில் தெரிந்துவிடும். பாப்-அப் ஃப்ளாஷ் எழுகிறதா, வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்ததும் திரை தானாக மாறுகிறதா, பின்பக்கச் சக்கரம் சறுக்காமல் சுழல்கிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். கிட் லென்ஸ் இல்லாமல் வெறும் பாடி மட்டும் கொடுத்தால் விலையைக் குறைத்துக் கேட்டு அதையே வாங்குங்கள். அந்தக் காசில் முதலில் 30 மி.மீ., முகங்கள்தான் அதிகம் எடுப்பீர்கள் என்றால் அதற்குப் பதிலாக சிக்மாவின் 56 மி.மீ.